அரை மில்லிமீட்டர் பிழை
துப்பாக்கியின் வரலாறு – 17

1899 டிசம்பரில் ஆறே நாட்களுக்குள் ஸ்டார்ம்பெர்க், மாகர்ஸ்ஃபோன்டீன், கொலென்சோ என்று தென்னாப்பிரிக்காவின் மூன்று இடங்களில் பிரிட்டிஷ் படை போயர்களிடம் தோற்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். ‘கறுப்பு வாரம்’ என்று பெயர் பெற்ற அந்த நாட்களுக்குப் பிறகு லண்டன் அரசு அவசர அவசரமாக ஆள் சேர்த்தது. குதிரை ஏறவும் சுடவும் தெரிந்த தன்னார்வலர்களைக் கொண்டு ‘இம்பீரியல் யோமன்ரி’ என்ற படையை அமைக்க டிசம்பர் 24ஆம் தேதி அரச ஆணை பிறந்தது. அந்தப் படைக்குக் கொடுப்பதற்காக லீ–என்ஃபீல்டு ரைஃபிள்கள் கிடங்குகளிலிருந்து வெளியே வந்தன. எண்ணெய் பூசி, வரிசையாக அடுக்கி, போருக்கென்றே காத்திருந்தவை அவை.

சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. 500 கஜ தூரத்தில் குண்டு குறிக்கு 18 அங்குலம் வலப்பக்கம் போய் விழுந்தது. ஒரு துப்பாக்கியில் மட்டும் இப்படி என்றால் அதைப் பழுது என்று ஒதுக்கிவிடலாம். இங்கே துப்பாக்கிக்குத் துப்பாக்கி அதே கதை. 500 கஜத்தில் நிற்கும் எதிரியின் நெஞ்சுக்கு நேராகக் குறிவைத்தால், குண்டு அவன் தோளை உரசக்கூட உரசாமல் வெற்றிடத்தில் போய்விடும். சுட்டவன் தன் கைதான் ஆடிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

இந்த 18 அங்குலத்துக்குத் துப்பாக்கியில் எவ்வளவு கோளாறு இருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கஜம் என்பது 18,000 அங்குலம். அதில் 18 அங்குலம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீளமான அந்த லீ–என்ஃபீல்டில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு அடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு ராஜ்ஜியம் தன் வீரர்களிடம் தூக்கிக் கொடுக்கவிருந்த ஆயுதத்தைப் பயனற்றதாக்க அவ்வளவு போதுமாயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டதும் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பத்துத் தோட்டாக்களும் ஒரு காகித இலக்கும் ஒரு காலைப் பொழுதும் போதும். அதை முன்கூட்டியே யாரும் செய்யவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தை எழுத வைக்கிறது.

எதிர்ப்பக்கத்து நிலைமையைப் பாருங்கள். 1896இல் பிரிட்டிஷ் தரப்பின் ஜேம்சன் படையெடுப்பு முறியடிக்கப்பட்டதும் போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு ஜெர்மனியின் லூட்விக் லோவே நிறுவனத்திடம் 7 மில்லிமீட்டர் மவுசர்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவை கிடங்கில் உறங்கவில்லை. குடிமக்களின் கைக்குப் போயின. போயர் விவசாயி தன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருந்தான். அதைக் கொண்டே வேட்டையாடினான். காலையில் எப்படிச் சுடும், குழல் சூடானபின் எப்படிச் சுடும், எவ்வளவு இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மவுசர் உயர்ந்த துப்பாக்கியா, லீ–என்ஃபீல்டு உயர்ந்ததா என்று அந்தக் காலத்திலேயே நிறைய விவாதித்தார்கள். என் பார்வையில் அது இரண்டாம் கேள்வி. தன் துப்பாக்கி எங்கே சுடும் என்று தெரிந்தவனும் தெரியாதவனும் மோதியதுதான் அந்தப் போரின் முதல் சில மாதங்கள்.

துப்பாக்கியின் குறி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கண்ணும் குறியும் குழலுக்கு மேலே இருக்கின்றன. குண்டு கீழேயிருந்து கிளம்புகிறது. கிளம்பிய கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஆகவே பார்வைக்கோட்டுக்கு இணையாகக் குழலை வைத்துச் சுட்டால் குண்டு ஒருபோதும் குறியைத் தொடாது. குழல் சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும். குண்டு பார்வைக்கோட்டைத் தாண்டி மேலெழுந்து, பிறகு வளைந்து இறங்கி, சொன்ன தூரத்தில் அந்தக் கோட்டை மறுபடி சந்திக்க வேண்டும். தூரம் கூடக்கூடப் பின்குறியை உயர்த்துகிறோம். அப்போது பார்வைக்கோட்டைக் குறியில் வைக்கக் குழலின் வாய் தானே மேலே போகிறது. பின்குறித் தகட்டில் 200, 300, 400 என்று பொறித்திருப்பது இதற்காகத்தான். அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட எடையும் வேகமும் உள்ள குண்டுக்கு மட்டுமே உண்மை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தியச் சிப்பாய்களின் கதையில் இது முக்கியமாகப் போகிறது.

பக்கவாட்டுப் பிழை வேறு வகை. துப்பாக்கி தயாரானபோதே அதைச் சரிசெய்தாக வேண்டும். அதற்கு முன்குறியை நகர்த்துவார்கள். குழல்முனையில் குறுக்காக வெட்டிய பள்ளத்தில் முன்குறித் தகடு இறுகப் பொருந்தியிருக்கும். ஆர்மரர் எனப்படும் படைக்கலத் தொழிலாளி ஒரு திருகுக் கருவியை மாட்டி அதை மயிரிழை மயிரிழையாகத் தள்ளுவார். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன்குறியையும் தள்ள வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். குண்டு வலப்பக்கம் போனால் முன்குறியும் வலப்பக்கம். குண்டு மேலே போனால் இன்னும் உயரமான முன்குறி. லீ–என்ஃபீல்டுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு வித்தியாசத்தில் பல உயரங்களில் முன்குறிகள் செய்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த குட்டையான மாடலில் இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 19 அங்குலம். அதில் ஒரு படி உயரத்தை மாற்றினால் 100 கஜத்தில் குண்டு விழும் இடம் இரண்டே முக்கால் அங்குலம் மாறும்.

இது நம் ஊருக்கு அந்நியமான சங்கதி இல்லை. அதே லீ–என்ஃபீல்டு .303 ரைஃபிளை இந்தியக் காவல்துறைகள் மிக அண்மைக்காலம் வரை தோளில் சுமந்தன. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. ‘த்ரீ நாட் த்ரீ’ பிடித்த எந்தக் காவலரைக் கேட்டாலும் முதலில் ‘குரூப்பிங்’ பற்றித்தான் பேசுவார். ஒரே இடத்தில் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் காகிதத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுந்தால் சுடுபவன் சரி. அந்தக் கூட்டம் குறியைவிட்டு ஒதுங்கி விழுந்தால் கோளாறு துப்பாக்கியின் குறியில். குண்டுகள் சிதறி விழுந்தால், குறியைத் தொடாமல் முதலில் சுடுபவனையும் குழலையும் மரக்கட்டையையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு குண்டை வைத்துக் குறியைத் திருத்துபவர், கைநாடியை ஒரு துடிப்பு மட்டும் பிடித்துப் பார்த்து மருந்து எழுதும் வைத்தியரைப் போன்றவர்.

பழைய துப்பாக்கியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் துடைக்காத குழலில் போகும் முதல் குண்டை நம்பக் கூடாது. அது தனியாக எங்கோ போய் விழும். மரமும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். லீ–என்ஃபீல்டின் குழலை மரப்பகுதி எந்த இடத்தில் தொடுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் தொடுகிறது என்பதைப் பொறுத்துக் குண்டு போகும் இடமே மாறிவிடும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் முன்குறியின் ஒரு விளிம்பு பளபளத்துக் கண்ணை ஏமாற்றும். அதைத் தவிர்க்கப் போட்டிச் சுடுநர்கள் கற்பூரத்தை ஏற்றி அதன் புகையில் முன்குறியைக் காட்டிக் கரியேற்றுவார்கள். கற்பூரக் கரிக்கு இருக்கும் அந்த மங்கல் கறுப்பு எந்த வண்ணப்பூச்சுக்கும் வராது.

என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் இதற்கெல்லாம் ஒழுங்கான முறை இருந்தது. முதலில் குழல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குக் கருவி மனிதக் கண்தான். வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து உள்ளே பார்த்தால், பளபளக்கும் உட்சுவரில் ஒரு நிழற்கோடு விழும். குழல் நேராக இருந்தால் கோடும் நேர். எங்காவது வளைந்திருந்தால் கோடும் அங்கே வளையும். பழக்கப்பட்ட தொழிலாளி அந்த இடத்தைக் கண்டு, அழுத்திக்கொடுத்து நிமிர்த்துவார். பல ஆண்டு பயின்றால்தான் கைவரும் வித்தை இது.

அடுத்து, துப்பாக்கி வெடிக்காமல் தாங்குமா என்ற சோதனை. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாக்களை அதற்கென்றே செய்து வைத்திருப்பார்கள். ஒன்றை அப்படியே சுடுவார்கள், ஒன்றை எண்ணெய் தடவிச் சுடுவார்கள். எண்ணெய் தடவிய தோட்டாவின் பித்தளை உறை அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளாது. அதனால் பின்னுதை முழுவதும் போல்ட்டின் மேல் விழும். அதையும் தாங்கிய துப்பாக்கிக்குத்தான் முத்திரை.

அதற்குப் பிறகுதான் குறிச் சோதனை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த முறை முழு வடிவம் பெற்றிருந்தது. துப்பாக்கியை ஓர் இயந்திரத் தாங்கியில் பொருத்தி, 100 அடி தூரத்தில் ஐந்து குண்டுகளைச் சுடுவார்கள். அவை விழுந்த இடத்தைப் பார்த்து முன்குறியைத் தள்ளுவார்கள், அல்லது வேறு உயரமுள்ளதை மாட்டுவார்கள். மறுபடி ஐந்து. அவற்றில் குறைந்தது நான்கு, ஓர் அங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமும் கொண்ட கட்டத்துக்குள் விழ வேண்டும். இப்படித் தேறிய துப்பாக்கிகளில் நூற்றுக்குப் பத்தை 600 கஜத்தில் மறுபடி சுட்டார்கள். பத்துக் குண்டுகளில் ஒன்பது இரண்டடி விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை எழுகிறது. இதற்குள் எத்தனையோ பேருடைய பொறுமை இருக்கிறது.

தென்னாப்பிரிக்கப் போருக்குத் திரும்புவோம். 1900 ஜனவரி 10ஆம் தேதி கேப் டவுனில் வந்து இறங்கிய புதிய தளபதியின் பெயர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். அவருடைய ஒரே மகன் கொலென்சோவில் பீரங்கிகளை மீட்கப் போய்ச் சுடப்பட்டு இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த ராபர்ட்ஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1881 பிப்ரவரி 27இல் மஜூபா குன்றின்மேல் பிரிட்டிஷ் படை போயர்களின் குறி தவறாத சுடுதலால் சிதைந்தபோது, நிலைமையைச் சரிசெய்ய அவரைத்தான் கப்பலேற்றினார்கள். அவர் கேப் டவுன் போய்ச் சேர்வதற்குள் சமாதானம் ஆகிவிட்டது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்தார். 1885 வரை இங்கே இருந்தார். மஜூபா கற்றுத்தந்த பாடத்தை அவர் செயல்படுத்திப் பார்த்தது சென்னைப் படையில்தான். அணிவகுப்பு அழகைவிடச் சுடுதளப் பயிற்சிக்கு முதலிடம் கொடுத்தார்.

ஆனால் அதே மனிதர்தான் தென்னாட்டுச் சிப்பாய்களைப் ‘போர்க்குணம் குறைந்தவர்கள்’ என்று முடிவு கட்டியவர். இந்தியா முழுமைக்கும் தளபதியான பிறகு ஆள்சேர்ப்பை வடக்கு நோக்கித் திருப்பினார். சென்னைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன, அல்லது அவற்றில் வடநாட்டார் நிரப்பப்பட்டனர். பயிற்சி ஒரு மனிதனை எப்படி மாற்றும் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர், பிறந்த மண்ணை வைத்து வீரத்தை அளந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1914இல் பிரான்ஸுக்குப் போன இரண்டு இந்தியக் காலாட்படைப் பிரிவுகளில் தமிழர் பட்டாளம் ஒன்றுகூட இல்லாததற்கு வேர் அங்கே இருக்கிறது.

தென்னாப்பிரிக்கப் போர் முடிந்த கையோடு, 1902 டிசம்பரில், காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவான குட்டை லீ–என்ஃபீல்டு ஏற்கப்பட்டது. முப்பது அங்குலக் குழல் இருபத்தைந்தாகச் சுருங்கியது. பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தத் திருகு ஒன்று வந்தது. போரில் பட்ட அடி அந்தத் திருகில் தெரிகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் குண்டே மாறியது. ஜெர்மனி 1905இல் மொட்டை மூக்குக் குண்டைக் கைவிட்டு, இலேசான கூர்முனைக் குண்டுக்கு மாறியது. அது வேகமாகவும் தட்டையாகவும் பாய்ந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களைத் திரும்ப அழைத்து, குழலின் பின்பகுதியை வெட்டி, அறையை மாற்றி, குறியைத் திருத்தியது. ரஷ்யா 1908இல் மாறியது. பிரிட்டன் 1910இல் ஏழாம் மாதிரித் தோட்டாவை ஏற்றது. அதற்கு முந்தைய ஆறாம் மாதிரிக் குண்டின் எடை 215 கிரெய்ன், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,060 அடி. புதியது 174 கிரெய்ன், 2,440 அடி. பழைய தோட்டாவுக்குப் பொறித்த பின்குறியில் புதிய தோட்டாவைச் சுட்டால், தூரம் கூடக்கூடக் குண்டு தலைக்கு மேலே போகும். எனவே கையிருப்பிலிருந்த துப்பாக்கிகளில் தகடுகளை மாற்ற வேண்டியிருந்தது. திருத்தியவற்றில் ‘அதிவேகம்’ என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்தார்கள். எது திருத்தியது, எது திருத்தாதது என்று ஆர்மரர் கண்டுகொள்ள அந்தப் பொறிப்பு உதவியது.

ஜெர்மானியர்கள் செய்த திருத்தம் விசித்திரமானது. புதிய குண்டுக்காக மாற்றியமைத்த மவுசர் 98இன் பின்குறியில் மிகக் குறைந்த தூரமே 400 மீட்டர். திறந்த வெளியில் நீண்ட தூரம் சுடும் போரை மனத்தில் வைத்துச் செய்தது அது. 1914 இறுதியில் போர் பதுங்குகுழிக்குள் புகுந்து, எதிரி நூறு மீட்டரில் தலைகாட்டத் தொடங்கியபோது, ஜெர்மன் சிப்பாய் தலையைச் சுட மார்புக்கும் கீழே குறிவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்தில் எத்தனை பேருக்கு அது நினைவிருந்திருக்கும்?

ரஷ்யரின் மோசின்–நகான் வேறு வகை. அதன் குறித் தகட்டில் மீட்டரும் இல்லை, கஜமும் இல்லை. அர்ஷின் என்ற ரஷ்ய அளவு, ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். அந்தத் துப்பாக்கியைச் சனியன் என்னும் குத்துக்கத்தி மாட்டியபடியேதான் சுட்டுக் குறியமைத்தார்கள். அன்றைய ரஷ்யக் காலாட்படைக்குக் கத்தியைக் கழற்றும் வழக்கமே இருக்கவில்லை. அந்தப் பழைய துப்பாக்கியை இன்று கத்தியில்லாமல் சுடுபவர், குண்டு ஒரு பக்கமாக ஒதுங்குவதைக் கண்டு குழல் தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறார். குழல்முனையில் தொங்கிய எடை போனதும் குழலின் அதிர்வு மாறியதே காரணம். ஒரு துப்பாக்கி எந்த நிலையில் குறியமைக்கப்பட்டதோ அந்த நிலையில்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். புதிய தோட்டா லண்டனில் 1910இலேயே வந்துவிட்டாலும் இந்தியப் படை பழைய ஆறாம் மாதிரியோடேயே தொடர்ந்தது. இங்கே நடந்தவை பெரும்பாலும் எல்லைப்புறச் சண்டைகள். அதற்கு இது போதும் என்று நினைத்தார்கள். பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதற்குப் போகலாம் என்ற சிக்கன புத்தி வேறு. பட்டாளங்களின் ரைஃபிள்களும் அந்தத் தோட்டாவுக்கே குறியமைக்கப்பட்டிருந்தன.

1914 செப்டம்பர் 26ஆம் தேதி இந்தியப் படையின் முதல் கப்பல்கள் மார்செய் துறைமுகத்தை அடைந்தன. சீக்கியர், கூர்க்கர், கர்வாலியர், பட்டாணியர், பலூச்சியர் அடுத்தடுத்து வந்து இறங்கினார்கள். அவர்கள் வழியெல்லாம் சுமந்து வந்த துப்பாக்கிகளைத் துறைமுகத்திலேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். பிரான்ஸில் பிரிட்டிஷ் படைக்கு வழங்கப்பட்டதெல்லாம் ஏழாம் மாதிரித் தோட்டா. பழைய துப்பாக்கிகளை வைத்துக்கொண்டால் இரண்டு வகைத் தோட்டாக்களைப் போர்முனைக்கு அனுப்ப வேண்டும், மாறிப்போனால் குறியும் தவறும். ஆகவே புதிய தோட்டாவுக்குக் குறியமைத்த துப்பாக்கிகள் கைக்கு வந்தன. அக்டோபர் கடைசி வாரத்தில் அவர்கள் பெல்ஜிய எல்லையில் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். 28ஆம் தேதி 47ஆம் சீக்கியப் பட்டாளம் நவ் ஷாப்பெல்லில் தெருத்தெருவாகச் சண்டையிட்டது.

நிர்வாகக் கண்ணால் பார்த்தால் அந்த மாற்றம் சரியானது. அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் சிப்பாயின் இடத்திலிருந்து பாருங்கள். எல்லைப்புற மலைகளில் ஆண்டுக்கணக்காகச் சுட்டுப் பழகிய துப்பாக்கி அவனுடையது. அதன் விசை எங்கே இறுகும், எங்கே விடும் என்று அவன் விரலுக்குத் தெரியும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, வேறொரு துப்பாக்கியை, வேறொரு தோட்டாவைக் கையில் கொடுத்து, புரியாத மொழி பேசும் குளிர்தேசத்தில் ஒரு மாதத்துக்குள் முன்வரிசையில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டின் குளிர்காலத்தில் இந்தியப் படை நிலைகுலைந்தது என்று எழுதியவர்கள் குளிரையும் பீரங்கியையும் அதிகாரிகளின் இழப்பையும் காரணம் சொல்கிறார்கள். அவையெல்லாம் உண்மை. இந்தத் துப்பாக்கி மாற்றத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு. 1899இல் யோமன்ரிக்கு நேரவிருந்ததைச் சுடுதளம் காட்டிக்கொடுத்தது. 1914இல் சுடுதளத்துக்கு நாள் ஒதுக்கும் நிலையில் யாரும் இல்லை.

அந்த நவம்பரில், எண்பத்திரண்டு வயதான ராபர்ட்ஸ் அந்த இந்திய வீரர்களைப் பார்க்கப் பிரான்ஸுக்குப் போனார். குளிர் தாக்கி நிமோனியா கண்டு, 14ஆம் தேதி செயின்ட் ஒமர் நகரில் இறந்தார்.

போரின் நெருக்கடி துப்பாக்கியின் நுணுக்கங்களை ஒவ்வொன்றாக உதிர்த்தது. 1916 ஜனவரியில் ஏற்கப்பட்ட எளிய மாதிரியில், தொலைதூரக் கூட்டுச் சுடுதலுக்கென்று இடப்பக்கம் பொருத்தியிருந்த துணைக்குறி இல்லை. பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகும் போய்விட்டது. அந்தத் திருகு போனதால் முன்குறியைச் சரியாக அமைப்பது முன்னிலும் முக்கியமாயிற்று. துப்பாக்கி வீரன் கைக்கு வந்தபின் திருத்திக்கொள்ள வழியில்லை. தொழிற்சாலையும் பட்டாளத்து ஆர்மரரும் செய்ததுதான் முடிவு.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலை அந்த எளிய மாதிரியைச் சுதந்திரத்துக்குப் பிறகும் செய்துகொண்டிருந்தது. 1960களில், சீனப் போரின் சூட்டில், அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி 2ஏ என்ற ரைஃபிளை வெளியிட்டது. வெடியழுத்தம் அதிகமென்பதால் எஃகை உறுதியாக்கினார்கள். தோட்டாக்கூட்டைப் பன்னிரண்டு கொள்ளும் பெட்டியாக்கினார்கள். பின்குறியை மட்டும் முதலில் விட்டுவைத்தார்கள். .303 காலத்து 2,000 என்ற எண் அப்படியே அதில் நின்றது. அடுத்து வந்த 2ஏ1 மாதிரியில் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு 800 மீட்டரோடு முடியும் புதியதைப் போட்டார்கள். அறுபது ஆண்டுகளாகத் தகட்டில் இருந்த தூரங்களில் பாதிக்கு மேல், தனி வீரன் ஒருவன் குறிவைத்துத் தொட முடியாதவை என்பதை அந்தப் புதிய தகடு ஒத்துக்கொண்டது.

(தொடரும்)